தராசு யார் கையில்?

2000ஆம் ஆண்டு. மதுரையில் ஓர் உழவர் சந்தை. பொழுது இன்னும் முழுதாகப் புலரவில்லை. முதல் பேருந்தில் வந்திறங்கிய உழவர்கள் காய்கறிக் கூடைகளை ஓரமாக வைத்துவிட்டு, வாயிலருகே இருந்த அலுவலக அறையின் முன் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுள் என் அப்பத்தாவும் ஒருவர். பள்ளி விடுமுறை என்பதால் பத்து வயதுச் சிறுவனாகிய நானும் உடன் வந்திருந்தேன். படம் ஒட்டிய அடையாள அட்டையைக் காட்டியதும் அவருக்கு அன்றைய கடையைக் குறித்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தராசையும் சில படிக்கற்களையும் கொடுத்தார்கள். வாடகை எதுவும் இல்லை. விற்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

அப்பத்தா உடனே கடையை விரிக்கவில்லை. வெறுந்தராசைத் தூக்கிப் பிடித்து முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு தட்டில் ஒரு கிலோ கல்லையும் மற்றொரு தட்டில் கத்தரிக்காயையும் இட்டுச் சமன் செய்தார். அடுத்து, கல் இருந்த தட்டில் காயையும், காய் இருந்த தட்டில் கல்லையும் மாற்றி வைத்து மீண்டும் தூக்கினார். முள் நடுவிலேயே நின்றது. அதன் பிறகுதான் சாக்கை விரித்தார்.

"ஏன் அப்பத்தா மாத்தி மாத்தி வைக்கிற?" என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா அடுத்தவன் தராசைத்தான்டா பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் என் கையில வந்திருக்கு. பாத்து வாங்க வேணாமா?" என்றார்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கத் தொடங்கிய பின்னரே அவர் செய்த சோதனையின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. சந்தை அமைக்கும் அரசு கொட்டகை போடும். குடிநீர்க் குழாய் வைக்கும். இவற்றின் தேவை எவருக்கும் புரியும். ஆனால் தராசை ஏன் கொடுக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் சந்தையின் வரலாற்றையும் அளவைகளின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாளங்காடியும் வாரச் சந்தையும்

அங்காடி தமிழர்க்குப் புதிதன்று. மதுரையில் பகலில் நடந்த நாளங்காடியையும் அந்தியில் கூடிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி வருணிக்கிறது. புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. புகார் வணிகர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் அளவு பிசகாதவர்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. அளவு பிசகாமை தனியே எடுத்துப் பாராட்டப்படுவதிலிருந்து, பிசகும் வணிகரும் அன்று இருந்திருப்பர் என்று ஊகிக்கலாம்!

பெருநகரங்களில் நாள்தோறும் அங்காடி நடக்கும். சிற்றூர்களில் அது இயலாது. ஓர் ஊரின் வாங்கும் சக்தி ஒரு வணிகருக்கு நாள்தோறும் வேலை கொடுக்கப் போதாது. ஆகவே வணிகர்கள் திங்களன்று ஓர் ஊர், செவ்வாயன்று அடுத்த ஊர் என்று சுற்றி வந்தனர். இதுவே வாரச் சந்தை. சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு காலையில் புறப்பட்டு, வேலையை முடித்து, விளக்கு வைக்கும் நேரத்திற்குள் வீடு திரும்பும் தொலைவுதான் ஒரு சந்தையின் எல்லை. மனிதக் காலின் வேகமே சந்தையின் பரப்பை வரையறுத்தது எனலாம்.

சந்தைக்கு வருவோர் எல்லாரும் வாங்கவோ விற்கவோ மட்டும் வந்தவர்கள் அல்லர். கத்திக்குச் சாணை பிடிக்கவும், பாத்திரத்திற்கு ஈயம் பூசவும், கலப்பைக்குக் கொழு வாங்கவும் வந்தனர். வளையல்காரர், நாட்டு மருந்து விற்பவர், கயிறு திரிப்பவர் ஆகியோருக்கும் அங்கே இடம் உண்டு. கட்டிக்கொடுத்த மகளின் ஊர்க்காரர் எவரேனும் கண்ணில் படுவாரா என்று பார்க்கவே சந்தைக்கு வந்த தாய்மார்கள் உண்டு. மழை எங்கே பெய்தது, எந்த ஊரில் மாட்டுக்கு நோய் கண்டிருக்கிறது, யார் வீட்டில் பெண் இருக்கிறது என்ற செய்திகள் எல்லாம் சந்தையில்தான் கைமாறின. திரும்பும்போது குழந்தைகளுக்குப் பொரியும் கடலையும் முந்தானையில் முடிந்திருக்கும்.

மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் ஒரு வழக்கம் உண்டு. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்குள் கைகளை மறைத்துக்கொண்டு விரல்களைத் தொட்டே விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் அந்த விலை தெரியாது. மாட்டுக்குத் தராசு தேவையில்லை. பல்லையும் சுழியையும் பார்த்தே மதிப்பிடுவர். ஆனால் தானியத்தையும் காய்கறியையும் அப்படி விற்க முடியாது. அவற்றுக்கு அளவு வேண்டும். வம்பும் அங்கேதான் தொடங்குகிறது.

கல்லின் கதை

நம் துணைக்கண்டத்தில் எடைக்கற்களின் வரலாறு மிகப் பழமையானது. மொகஞ்சதாரோ, அரப்பா, லோத்தல் ஆகிய இடங்களில் செர்ட் என்னும் கடினமான கல்லால் ஆன கனசதுர எடைக்கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை ஆகும். சிறிய கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துச் செல்கின்றன. பெரியவை 160, 200, 320, 640 என்று பத்தின் மடங்குகளோடு சேர்கின்றன. மிகுதியாகக் கிடைத்திருப்பது 16 என்ற அளவுடைய கல். அதன் நிறை ஏறத்தாழ 13.7 கிராம். ஒன்றுக்கொன்று பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரங்களில் ஒரே அளவு வழங்கியது என்பது வியப்பிற்குரியது.

இரட்டிக்கும் வரிசையில் ஒரு நன்மை உண்டு. 1, 2, 4, 8, 16 என்னும் ஐந்தே கற்களைக் கொண்டு 1 முதல் 31 வரை எல்லா முழு அளவுகளையும் நிறுத்துவிடலாம். இன்றைய கணிப்பொறியின் இரும எண் முறையும் இதே அடிப்படையில் அமைந்ததே.

கௌடலீயம் எனப்படும் அர்த்தசாத்திரத்தில் அளவைகளைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவர் குறிப்பிடப்படுகிறார். எடைக்கற்களை இரும்பினாலோ, நீரில் நனைந்தால் எடை கூடாததும் வெப்பத்தால் மாறாததுமான கல்லினாலோ செய்ய வேண்டும் என்று அந்நூல் விதிக்கிறது. நீரை உறிஞ்சும் கல்லை எடைக்கல்லாகக் கொண்டால் மழைக்காலத்தில் ஓர் எடையும் கோடையில் ஓர் எடையும் காட்டும். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் இன்றும் கவனிக்கும் செய்தி இது.

சோழர் காலத்தில் அளவைகளுக்குப் பெயரே சூட்டினர். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில், பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்னும் கல்லும், மணிகள் பதித்த நகைகளை நிறுக்க 'தட்சிணமேரு விடங்கன்' என்னும் கல்லும் குறிக்கப்படுகின்றன. நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்ற பெயர் உண்டு. அது ராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் கல்வெட்டு தெளிவுபடுத்துகிறது. ஓர் அளவை இன்னோர் அளவையோடு ஒப்பிட்டுக் கல்லில் பொறித்து வைத்தனர். பின்னாளில் ஐயம் எழுந்தால் அந்தச் சுவரே சான்று.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. கோவிலின் மரக்கால் கோவிலில் இருந்தது. அரசனின் கல் அரசனிடம் இருந்தது. சந்தைக்குக் கூடையோடு வந்த உழவரிடம் எந்த அளவையும் இல்லை.

படியில் ஒளிந்த கணக்கு

நெல்லும் அரிசியும் பருப்பும் நெடுங்காலம் எடையால் அன்றி முகத்தலளவையாலேயே விற்கப்பட்டன. 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 படி. 8 படி 1 மரக்கால். 12 மரக்கால் 1 கலம். இங்கும் இரட்டிக்கும் வரிசையைக் காணலாம். அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்காமல் 'லாபம்' என்று தொடங்கி, பிறகு 'இரண்டு' என்று எண்ணுவது வழக்கம். மங்கலச் சொல்தான், ஆனால் லாபம் யாருக்கு என்பது அளப்பவர் கையைப் பொறுத்தது!

இரண்டு வழிகளில் கை விளையாடும். முதலாவது, நிரப்பும் முறை. தானிய மணிகளுக்கிடையே காற்றிடைவெளி உண்டு. மணிகளை மெல்லச் சரியவிட்டால் இடைவெளி மிகும். படியைத் தட்டி, குலுக்கி நிரப்பினால் இடைவெளி குறைந்து மேலும் ஒரு கைப்பிடி கொள்ளும். விற்கும்போது மெல்லச் சரித்தும் வாங்கும்போது குலுக்கி நிரப்பியும் அளப்பவருக்கு ஒவ்வொரு படியிலும் ஆதாயம்.

இரண்டாவது, குவியல். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது பழைய வழக்கு. குவியலின் சரிவுக் கோணம் தானியத்தின் தன்மையால் அமைவது. அதை அளப்பவர் மாற்ற முடியாது. ஆனால் படியின் வாயை மாற்றலாம். குவியல் ஒரு கூம்பு. அதன் உயரமும் வாயின் ஆரத்தோடு வளர்வதால், கூம்பின் பருமன் ஆரத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கொள்ளளவு ஒன்றேயான இரு படிகளுள், ஒன்றின் வாய் மற்றதைவிட ஒன்றரை மடங்கு அகலமானால், அதன் குவியல் மூன்று மடங்குக்கும் மேல் ஆகும். உயரமான படியால் கொடுத்து, அகன்ற படியால் வாங்கினால், இரண்டும் 'ஒரு படி'தான் என்று சத்தியமே செய்யலாம்!

இது விளையாட்டுக் கணக்கன்று. கீழத்தஞ்சையில் கூலியும் குத்தகையும் நெல்லாகவே அளக்கப்பட்டன. 1940களில் அங்கு நடந்த உழவர், தொழிலாளர் போராட்டங்களில், கள்ள மரக்கால் ஒழிய வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அளக்கும் மரக்கால் நிலவுடைமையாளரிடம் இருந்ததே அதற்குக் காரணம்.

கோலின் சூழ்ச்சி

எடையால் விற்றால் இத்தொல்லை தீருமா? முதலில் வெள்ளிக்கோலைப் பார்ப்போம். ஒரு நுனி பருத்த மரக்கோல் அது. மெலிந்த நுனியில் பொருளைத் தொங்கவிட்டு, கோலைத் தாங்கும் கயிற்று வளையத்தை நகர்த்திச் சமன் செய்வர். தனிக் கற்கள் வேண்டியதில்லை. கோலில் உள்ள குறிகளே எடையைச் சொல்லும்.

கோலின் நிறை 1 கிலோ என்றும், அதன் ஈர்ப்பு மையம் பொருள் தொங்கும் நுனியிலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். நெம்புகோல் தத்துவப்படி 1 கிலோவுக்கான குறி அந்நுனியிலிருந்து 30 சென்டிமீட்டரில் விழும். 2 கிலோவுக்கு 20, 3 கிலோவுக்கு 15, 4 கிலோவுக்கு 12, 5 கிலோவுக்கு 10 சென்டிமீட்டர். எடை கூடக் கூடக் குறிகள் நெருங்கிவிடுவதைக் காண்க. 1 கிலோவில் கயிறு அரை சென்டிமீட்டர் பிசகினால் ஏறத்தாழ 33 கிராம்தான் பிழை. 5 கிலோவில் அதே அரை சென்டிமீட்டர் ஏறத்தாழ 300 கிராமை விழுங்கிவிடும். பெருவிரலால் கயிற்றைச் சற்றே நகர்த்துவது தேர்ந்த கைக்கு அரிய செயலா?

இரு தட்டுத் தராசு இதைவிட நேர்மையானது. ஆனால் இரு கைகளும் சம நீளமாக இருந்தால் மட்டுமே. ஒரு கை 20 சென்டிமீட்டரும் மறு கை 19 சென்டிமீட்டரும் உள்ள தராசை எண்ணுங்கள். குட்டைக் கையில் சற்றுக் கனமான தட்டைக் கட்டிவிட்டால், வெறுந்தராசு முள் பிசகாமல் நிற்கும். பார்ப்பவர் நம்பிவிடுவார். இப்போது குட்டைக் கையில் உழவரின் காயையும் நெட்டைக் கையில் கல்லையும் இட்டால், 1 கிலோ கல்லுக்குச் சமமாக ஏறத்தாழ 1 கிலோ 53 கிராம் காய் வேண்டும். 40 கிலோ கொண்டு வந்தவருக்கு 38 கிலோதான் கணக்கு. அதே தராசில் தட்டை மாற்றி வாங்குவோருக்கு விற்றால், 950 கிராம் கொடுத்து 1 கிலோவுக்குக் காசு வாங்கலாம். ஒரே தராசு, இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். கைகள் சமமற்றவை என்றால் உடனே ஒரு பக்கம் சாயும். இரு முறை நிறுத்த அளவுகளைப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் உண்மையான நிறை கிடைக்கும். இதனைக் கணித மேதை காஸ் பெயரால் இரட்டை நிறுத்தல் முறை என்று கல்லூரி மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அந்தக் காலை வேளையில் என் அப்பத்தா செய்தது இதைத்தான். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். நாற்பது ஆண்டுகள் ஏமாந்து கற்ற பாடம் அது.

வீசையிலிருந்து கிலோவுக்கு

கல்லும் கோலும் நேர்மையாக இருந்தாலும், அளவின் பெயர் ஊருக்கு ஊர் வேறு பொருள் தந்தால் என்ன பயன்? 1800ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து மைசூர், கன்னடம், மலையாள நாடுகள் வழியே பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், செல்லும் இடமெல்லாம் அவ்வூர் அளவைகளைத் தனித்தனியே குறித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 3 தோலா 1 பலம். 40 பலம் 1 வீசை. 8 வீசை 1 மணங்கு. 20 மணங்கு 1 பாரம். இக்கணக்கில் மணங்கு ஏறத்தாழ 11.2 கிலோ. வங்காளத்து மணங்கோ ஏறத்தாழ 37.3 கிலோ. பெயர் ஒன்று, பொருள் மூன்று மடங்குக்கும் மேல். படியும் அவ்வாறே: பட்டணம் படி, சின்னப் படி, பெரிய படி என்று பல.

1928இல் அறிக்கை அளித்த அரச வேளாண்மை ஆணையம், ஒழுங்கற்ற எடைகளாலும் சந்தை முறைகேடுகளாலும் உழவர்கள் இழப்பதைச் சுட்டிக்காட்டியது. 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் அமைந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் தோலா, சேர், மணங்கு ஆகியவற்றுக்குத் திட்டமான அளவு வகுத்தது. ஆயினும் சந்தைகளில் வீசையும் பலமும் தொடர்ந்தன.

இத்தகைய குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் பிரான்சில் நிலப்பிரபுக்கள் தத்தம் அளவையால் தானியத்தை வாங்கினர். நாடு முழுதும் ஒரே அளவை வேண்டும் என்பது அந்நாட்டு மக்கள் எழுதி அனுப்பிய குறைகளுள் ஒன்று. 1795இல் அங்கு மெட்ரிக் முறை சட்டமாயிற்று. அதன் எடை அலகு எந்தப் பிரபுவின் கல்லையும் சார்ந்ததன்று. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறையே ஒரு கிராம் என்று வகுத்தனர். நீர் எல்லாருக்கும் பொது அன்றோ?

விடுதலை பெற்ற இந்தியா 1956இல் எடைகள், அளவைகள் திட்டச் சட்டத்தை இயற்றியது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் சில பகுதிகளிலும் துறைகளிலும் கிலோகிராம் நடைமுறைக்கு வந்தது. 1962 ஏப்ரல் முதல் எடைகளில் மெட்ரிக் முறை கட்டாயமாயிற்று. அப்போது அப்பத்தாவுக்கு ஏறத்தாழ இருபது வயது. திருமணமாகி வந்த புதிது. வீசைக்கு இன்ன விலை என்று பழகிய வாய்க்குக் கிலோ விலை சொல்லத் தெரியவில்லை. 1 வீசை 1.4 கிலோ, அதாவது 5 வீசை 7 கிலோ. இந்த ஒரு கணக்கை மாமனார் சொல்லிக் கொடுத்தாராம். அதைக் கொண்டே சமாளித்ததாகச் சொல்வார்.

அளவு ஒன்றாயிற்று. ஆனால் தராசு இடம் மாறவில்லை. விடியற்காலையில் அவர் கூடையை இறக்கியது ஒரு கமிசன் மண்டியில். நிறுத்தவர் மண்டிக்காரர், எடையைச் சொன்னவரும் அவரே. அதன்மேல் கழிவு என்று ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, கமிசனையும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். தலையில் சுமந்து வந்தவருக்குச் சுமையின் கனம் தெரியும். சொன்ன எடை அதற்குக் குறைவு என்பதும் தெரியும். ஆனால் கழுத்து வலி சான்றாகுமா? மறுபேச்சு பேசினால் மறுநாள் கூடையை இறக்க இடமிராது.

சுவரில் எழுதிய விலை

பஞ்சாபில் 1987இல் 'அப்னி மண்டி' என்ற பெயரிலும், ஆந்திரத்தில் 1999 சனவரியில் 'ரைத்து பசார்' என்ற பெயரிலும் உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தைகள் தோன்றின. தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். விரைவில் மாநிலமெங்கும் பல நகரங்களில் இவை திறக்கப்பட்டன. 2001க்குப் பின் பல இடங்களில் பொலிவிழந்து, 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன.

இச்சந்தையின் அமைப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, அடையாள அட்டை. பயிர் செய்பவரே விற்க வேண்டும் என்பதற்கு அது காவல். இரண்டாவது, விலைப் பலகை. மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் அன்றன்றைய விலையை முடிவு செய்து, வாயிலில் எல்லாரும் காண எழுதி வைக்கிறார்கள். துண்டுக்குள் மறைந்திருந்த விலை சுவருக்கு வந்துவிட்டது. மூன்றாவது, நாம் பேசிவரும் தராசு. அரசு முத்திரையிட்ட தராசு உழவரின் கைக்கே வந்தது.

விற்பவரும் வாங்குபவரும் ஏமாறாத இடத்தில் பேச்சும் தாராளமாகிவிடுகிறது. நகரத்துப் பெண்கள் பெயர் தெரியாத கீரையைக் காட்டி எப்படிச் சமைப்பது என்று கேட்பார்கள். அப்பத்தா பக்குவம் சொல்வார். சளிக்கு எது, சூட்டுக்கு எது என்பதும் சேர்ந்து வரும். வாடிக்கையான ஆசிரியை ஒருவர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அறிவுரை சொன்னதும் அந்தச் சாக்கு விரிப்பின் ஓரத்தில்தான். எடை முடிந்ததும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ மல்லித்தழையோ கொசுறாக விழும். கள்ளத் தராசு உள்ள இடத்தில் கொசுறு ஒரு கண்துடைப்பு. நேர்மையான தராசின் பின் வரும்போதுதான் அது அன்பளிப்பு ஆகிறது.

இன்றைய தராசு

இப்போது பெரும்பாலான சந்தைகளில் மின்னணுத் தராசுகள் வந்துவிட்டன. இவற்றில் கைகள் இல்லை, கற்கள் இல்லை. உள்ளே ஓர் உலோகத் துண்டு பளுவால் மிக நுண்ணிய அளவில் வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றமே எண்ணாகத் திரையில் தெரிகிறது.

இரு தட்டுத் தராசு நிறையோடு நிறையை ஒப்பிடுவது. அது சென்னையிலும் தில்லியிலும் ஒன்றே காட்டும். மின்னணுத் தராசு உணர்வது புவி இழுக்கும் விசையை. தில்லியில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.791, சென்னையில் 9.783. தில்லியில் சரிசெய்த தராசைச் சென்னையில் அப்படியே வைத்தால் 1 கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைந்த பிழை காட்டும். ஆகவே இவற்றைப் பயன்படும் இடத்திலேயே சரிபார்ப்பது நல்லது. சட்டப்படி இத்தராசுகளை ஆண்டுக்கு ஒருமுறையும், கற்களையும் இரு தட்டுத் தராசையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இப்பணியைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் செய்கின்றனர். அவர்களுடைய கற்களுக்கு மேலே ஒரு நீண்ட சங்கிலி உண்டு. அது புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் வரை செல்கிறது. 2019 மே 20 முதல் கிலோகிராமே ஓர் உலோகக் கட்டியைச் சாராமல், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. எவருக்கும் சொந்தமில்லாத அளவு என்ற 1795ஆம் ஆண்டின் எண்ணம் இவ்வாறு நிறைவேறியது.

வாசகர்கள் தாங்களும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரின் நிறை நம் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 996 கிராம். கொள்ளளவு சரியாகத் தெரிந்த ஒரு குடுவையில் நீர் நிரப்பி மூடி, முத்திரையுள்ள நல்ல தராசு ஒன்றில் ஒருமுறை நிறுத்து, அந்த எண்ணைக் குடுவையின் மேல் எழுதி வையுங்கள். சந்தைக்குச் செல்லும்போது பையில் அதுவே உங்கள் படிக்கல். தராசின் திரை வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா, முத்திரை இந்த ஆண்டுக்கு உரியதா என்பவற்றையும் பாருங்கள். இவ்வாறு பார்ப்பதை நேர்மையான வணிகர் எவரும் அவமதிப்பாகக் கருதமாட்டார். அப்பத்தாவின் கடையில் சில வாடிக்கையாளர்கள் தட்டை மாற்றி வைக்கச் சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே மாற்றி வைப்பார்.

இன்று அவர் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் நெம்புகோல் பாடம் நடத்தும்போது மாணவர்களை உழவர் சந்தைக்கு அழைத்துச் செல்கிறேன். அவர்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். "உங்கள் வீட்டு விளைச்சலை நிறுப்பவர் யார்?" என்பதே நான் அவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி. பருத்தியையும் மஞ்சளையும் தக்காளியையும் இன்னும் பிறருடைய தராசில் ஏற்றிவிட்டு, சொன்ன எடையை வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் பல. கடையின் சுவரில் முத்திரைச் சான்று தொங்குகிறதா என்று பார்த்துவரும்படி அவர்களிடம் சொல்கிறேன். பார்த்துவந்தவர்கள் வகுப்பில் வந்து சொல்லும் செய்திகள் எங்கள் பாடநூலில் இல்லாதவை. ஆயினும் அவையும் இயற்பியல் பாடம்தான்.